ஈக்கோவா, டிராவலரா?

பெங்களூரிலிருந்து சனி ஞாயிறில் ஏற்காடோ சக்லேஷ்பூரோ போக வேனையே வீடாக்க நினைத்தால், போட்டி இந்த இரண்டுக்குள்தான்.

மாருதி ஈக்கோ மலிவு. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலிலும் நுழைந்து வரும். பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்தால் இருவர் படுக்கலாம். ஆனால் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில். மலை ஏறும்போது சூடு நன்றாகவே தெரியும். உள்ளே நிமிர முடியாது, குழந்தைக்குச் சட்டை மாற்றுவதும் குனிந்துதான்.

கூரை உயர்ந்த ஃபோர்ஸ் டிராவலரில் நின்றே தோசை சுடலாம். நால்வருக்குப் படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நுழைவதுதான் சந்தேகம். தெருவில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?

தாத்தா பாட்டியும் வருவதென்றால் டிராவலர், இல்லையேல் ஈக்கோ போதும். எதுவானாலும் ஸ்பேனரை எடுக்குமுன் ஆர்டிஓவில் கேளுங்கள்: வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு போடுகிறது.