உபுண்டுவில் ஆங்கி: நிறுவும்போது எங்கே சிக்கும்?

மனப்பாட அட்டைகளுக்கு ஆங்கியை மிஞ்ச இலவச மென்பொருள் இல்லை. ஆனால் உபுண்டு போன்ற லினக்ஸில் நிறுவுவது கொஞ்சம் படுத்தும். உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் கிடைத்தாலும் அது பெரும்பாலும் பழைய பதிப்பு, அதைத் தொடாதீர்கள். ஆங்கியின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கோப்பு விரியவில்லையா? முதலில் சுருக்கிய கோப்பை விரிக்கும் 'இசட்எஸ்டிடி' (zstd) தொகுப்பைப் போடுங்கள். பிறகு, விரித்த ஃபோல்டருக்குள் போய் நிறுவல் ஸ்கிரிப்டை டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) சூடோவுடன், அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டுங்கள்.

ஐகானைத் தட்டியும் சத்தமே இல்லையென்றால் டெர்மினலில் திறந்து பாருங்கள். 'எக்ஸ்சிபி பிளக்இன் ஏறவில்லை' என்று புலம்பினால் பெரும்பாலும் 'லிப்எக்ஸ்சிபி-கர்சர்0' (libxcb-cursor0) என்ற தொகுப்பு இல்லாத குறைதான். உபுண்டுவின் தொகுப்பு நிறுவியான ஆப்ட் (apt) மூலம் போட்டால் தீரும். ஜன்னல் திறந்தும் உள்ளே வெறுமையா? கிராஃபிக்ஸ் டிரைவர் தகராறு. விருப்பங்களில் வீடியோ டிரைவரை 'சாஃப்ட்வேர்' என மாற்றி, மூடித் திறக்கவும். வேகம் சற்றுக் குறையும், அட்டை புரட்ட அது போதும்.

2025-இல் வந்த 25.07 போன்ற பதிப்புகளில் கைக்கு வந்தது லாஞ்சர் எனும் சிறு தொடக்க நிரல் மட்டுமே. மீதியை முதல் திறப்பில் அது இணையத்திலிருந்து இழுக்கும்.