டிரையருக்கு டெப்லோன் வலை பெல்ட்: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கொழும்பில் சூடு தாங்கும் கன்வேயர் பெல்ட் (சாமானைச் சுமந்து ஓடும் பட்டி) என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது கறுப்பு ரப்பர் பெல்ட்டைத்தான். அது வேறு வேலைக்கு. ஐஎஸ்ஓ 4195 தரம் அந்த ரப்பர் பெல்ட்டுகளை 100, 125, 150 பாகை என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. சூடான கிளிங்கர் (சீமெந்துக்குச் சூளையில் சுட்ட கட்டி), வார்ப்பு மணல் கொண்டுபோகிறவர்களுக்கு அது சரி. எங்களுடையது மட்டக்குளியில் டீ-சேர்ட் பிரின்ட் அடிக்கும் இடம். பிளாஸ்டிசோல் மை உறுதியாகப் பிடிக்க வேண்டுமென்றால் மைப்படலம் முழுவதும் சுமார் 160 பாகைக்கு வர வேண்டும். பிரின்ட் அடித்த சட்டையை இன்ஃப்ராரெட் ஹீட்டர் பனலுக்கு அடியில் கொண்டுபோய் மையைப் பிடிக்க வைக்கும், நாள் முழுக்க ஓடும் டிரையருக்கு, கண்ணாடி இழையில் நெய்து டெப்லோன் பூசிய வலை பெல்ட்தான் பொருத்தம். நாங்கள் போட்டது 4 மில்லிமீற்றர் கண் உள்ளது.

பெல்ட்டோடு வந்த தாளில், தாங்கும் உச்சச் சூடு 260 பாகை என்று இருக்கும். டெப்லோன் உருகுவது 327 பாகையில். ஆகவே எங்கள் வேலைக்கு அது தாராளம். ஓடிக்கொண்டிருக்கும் வரை சூட்டால் இந்தப் பெல்ட்டுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. நிற்கும்போதுதான் ஆபத்து. பனலின் முகம் பெல்ட்டைவிட எவ்வளவோ கூடுதலான சூட்டில் இருக்கும். கரண்ட் போனதும் அது உடனே ஆறாது. புகை இழுக்கும் விசிறியும் சேர்ந்து நின்றுவிடும். அடியில் அசையாமல் கிடக்கும் துண்டு மட்டும் வெந்து போகும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில்தான் இதை முழுதாக விளங்கிக்கொண்டோம். பனலுக்கு நேராக நின்ற இடம் பழுப்பேறி, பூச்சு விட்டு, இழை வெளியே தெரிந்தது. விரலால் வளைத்தால் காய்ந்த ஓலை மாதிரி முறிந்தது. புதுப் பெல்ட் எடுப்பதும் அப்போது லேசான காரியமில்லை, டொலர் இல்லாமல் இறக்குமதியே திணறிய நேரம். அதன் பிறகு பெல்ட் மொட்டருக்கும் விசிறிக்கும் மட்டும் ஒரு பற்றரி இன்வேர்ட்டர் போட்டோம். கரண்ட்டைத் தின்பது ஹீட்டர்தான். மொட்டர் சின்னது, அதை ஓட்ட சிறிய இன்வேர்ட்டர் போதும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வேலை முடிந்து மூடும்போதும் அப்படியே: ஹீட்டரை நிறுத்திவிட்டு, உள்ளே 100 பாகைக்குக் கீழே இறங்கும் வரை பெல்ட்டை ஓட விடுங்கள்.

அளவுக்கு மீறிச் சூடான டெப்லோன் விடும் புகையைச் சுவாசித்தால் சில மணிநேரத்தில் காய்ச்சல், குளிர், உடம்பு நோவு என்று வரும். கருகிய வாடை வந்தால் வேலையை விட்டு வெளியே வாருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சட்டையை விட வேலை செய்யும் பிள்ளைகளின் நெஞ்சு பெரிது.

அடுத்தது இழுவை. பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் இறுக்கத்தான் கை போகும். எங்கள் மெஷின் பார்க்கும் அண்ணன் அதற்கு விடவே மாட்டார். "தம்பி, இறுக்கினா நேரா ஓடாது, கிழியத்தான் செய்யும். ரோலரைக் கொஞ்சம் திருப்பி விட்டுட்டு, ரெண்டு சுற்று ஓடும் மட்டும் பொறுங்க" என்பார். அவர் சொல்வது சரி. ரோலரில் வழுக்காமல் ஓடினால் அந்த இழுவை போதும். கண்ணாடி இழை இழுத்தால் தாங்கும், மடித்தால் உடையும். அதனால் பெல்ட்டைக் கழற்றி வைக்கும்போது மடிக்கவே கூடாது, குழாயில் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

சுத்தம் செய்வது சுலபம். ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தால் பஞ்சும் பசையும் வந்துவிடும். பிளேட், கம்பி பிரஷ் வேண்டாம், பூச்சைச் சுரண்டிவிடும்.

குறை என்றால் ஓரமும் மூட்டும். முதலில் எங்களுக்கு விற்றவர் ஓரத்தில் வெறும் வெட்டோடு கொடுத்தார், வலையிலிருந்து நூல் நூலாகப் பிரிந்து ரோலரின் பெயாரிங்கில் சுற்றிக்கொண்டது. பிறகு எடுத்த பெல்ட்டில் இரண்டு ஓரமும் டெப்லோன் பட்டி வைத்துத் தைத்திருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் இவ்வளவு காலமாக ஒரு நூல்கூடப் பிரியவில்லை. மூட்டில் நடுவே கம்பி செருகும் வகைதான் எனக்குப் பிடித்தது. கம்பியை உருவினால் மெஷினைப் பிரிக்காமலே பெல்ட்டை வெளியே எடுக்கலாம். இப்போது அந்த மூட்டின் ஒரு மூலையில் தையல் லேசாகத் தளர்ந்திருக்கிறது. தேய்வதெல்லாம் அங்கேதான், நடுப் பெல்ட் இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. அடுத்த ஓடரில் மூட்டுப் பக்கம் இரட்டைத் தையல் கேட்டிருக்கிறேன், தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.