எம்பிஏவில் ஒரு தாளா, எம்ஏவில் இரண்டு வருடமா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் டிகிரி முடித்துவிட்டுப் பொருளாதாரம் படிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி. எம்பிஏவில் அது பெரும்பாலும் முதல் செமஸ்டரில் வரும் ஓரிரு தாள்தான். எம்ஏவில் இரண்டு வருடமும் அதுவேதான்.

எம்பிஏ தாள் சிறியது, ஆனால் கூர்மையானது. உதாரணத்துக்கு ஒரு தேயிலை ஃபேக்டரியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். இலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 90. விறகு, கரன்ட், கூலி 20. வட்டி, வாடகை போன்ற நிலைச்செலவு 25. ஆக அடக்கம் 135. ஏலத்தில் 120தான் கிடைக்கிறது. உடனே ஃபேக்டரியை மூடச் சொல்வதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மூடினாலும் அந்த 25 போகும். ஓட்டினால், 120இல் இலை, விறகு, கரன்ட், கூலிக்கான 110 போக, அதில் 10 ரூபாய் திரும்பி வரும். எனவே இப்போதைக்கு ஓட்டுவதே சரி. நிலைச்செலவைத் தவிர்க்க முடிகிற நாள் வந்தால் கணக்கு மாறும்.

எம்ஏ கேட்பது வேறு கேள்வி: அந்த 120 எப்படி வந்தது? ஏலத்துக்கு வரும் தூளின் வரத்து விலையை மாற்றும், விலையும் வரத்தை மாற்றும். இரண்டையும் நேரடியாக ரிக்ரெஷனில் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று தரவிலிருந்து கணிக்கும் முறை) போட்டால் விடை தவறும். டிசம்பர், ஜனவரி உறைபனி வரத்தை மட்டும் குறைப்பதால், விலைக்கேற்பத் தேவை எப்படி மாறுகிறது என்பதைத் தனியே பிரித்தறிய அது நல்ல பிடி. இதற்குக் கால்குலஸும் புள்ளியியலும் கட்டாயம். பிளஸ் டூ கணக்கை விட்டவர்கள் முதல் செமஸ்டரிலேயே திணறுவார்கள்.

குடும்ப ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு எம்பிஏ போதும். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத நினைத்தால், பொது எம்பிஏ தகுதியாகாது.