5எஃப்1 சாம்ப் கிட்: நல்ல சர்க்யூட், கொஞ்சம் அதிகமான வோல்டேஜ்

வால்வு கிட்டார் ஆம்பை வீட்டிலேயே கட்டி, மாற்றி, பழுது பார்க்கப் பழக நினைப்பவருக்கு 5எஃப்1 கிட்டைவிட நல்ல தொடக்கம் இல்லை. 1950களின் பிற்பாதியில் ஃபெண்டர் வெளியிட்ட சாம்ப் ஆம்பின் சர்க்யூட் இது. முன்னால் கிட்டார் சிக்னலைப் பெருக்கும் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் ஒரு 6வி6 பவர் வால்வு, மின்சாரத்துக்கு ஏசியை டிசியாக்கும் ஒரு 5ஒய்3 ரெக்டிஃபையர் வால்வு, வெளியே ஒரே ஒரு வால்யூம். 12 ரெசிஸ்டர், 6 கெபாசிட்டர், அவ்வளவுதான். டோன் கன்ட்ரோல்கூடக் கிடையாது. எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதைச் சத்தத்திலேயே கேட்டுவிடலாம்.

பல விற்பனையாளர்கள் இதை விற்கிறார்கள். பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் ஒன்றுதான்: சேஸி, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், உறுப்புகளைப் பற்றவைக்கும் ஐலெட் போர்டு அல்லது டரட் போர்டு, உறுப்புகள், ஒயர். டிரான்ஸ்ஃபார்மரும் சேஸியும்தான் காசுக்குப் பெறுமானமானவை. குறை எங்கே என்றால், பழைய வரைபடத்தில் போட்டிருக்கும் மதிப்புகளை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் சுவரில் வந்த மின்னழுத்தம் இன்றைக்கு வருவதைவிடக் குறைவு. இந்த ஒரு வித்தியாசம் ஆம்ப் முழுவதிலும் எதிரொலிக்கிறது.

ஆன் செய்வதற்கு முன்பே மாற்ற வேண்டியவை மூன்று. முதலாவது, ரெக்டிஃபையருக்கு அடுத்து வரும், டிசியைச் சமன் செய்யும் முதல் ஃபில்டர் கெபாசிட்டர். 5ஒய்3யின் இழை சீக்கிரமே சூடாகிவிடும். 6வி6க்கும் 12ஏஎக்ஸ்7க்கும் இன்னும் சில நொடிகள் தேவை. அந்த இடைவெளியில் கரண்டை இழுக்க யாருமில்லை. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் 325 வோல்ட் சுருளிலிருந்து வரும் உச்ச அழுத்தம் 460 வோல்ட்டை ஒட்டிப் போகும். கிட்டில் கொடுக்கும் 450 வோல்ட் கெபாசிட்டர் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன் எல்லையைத் தாண்டுகிறது. 500 வோல்ட் தாங்கும் 16 அல்லது 22 மைக்ரோஃபாரட் போடுங்கள். ஹம், அதாவது ஸ்பீக்கரில் கேட்கும் மின்சார ரீங்காரம், குறையட்டும் என்று 47 மைக்ரோஃபாரட் போடுவது தவறு. அவ்வளவு பெரிய கெபாசிட்டரை நிரப்பும் கரண்ட் 5ஒய்3யின் ஆயுளைத் தின்றுவிடும். ஹம்மைக் குறைக்க இரண்டாவது, மூன்றாவது கெபாசிட்டரை 8லிருந்து 16க்கோ 22க்கோ உயர்த்தலாம். நடுவில் ரெசிஸ்டர் இருப்பதால் அங்கே ஆபத்தில்லை.

இரண்டாவது, 6வி6இன் கேத்தோடில், அதாவது எலக்ட்ரான்களை வெளிவிடும் முனையில், இருக்கும் 25 வோல்ட் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். கேத்தோடில் நிற்பதோ 20 வோல்ட்டுக்கு மேல். கேத்தோடு ரெசிஸ்டரைப் பின்னால் சொல்வதுபோல் மாற்றினால் 24ஐத் தொடும். 50 வோல்ட் கெபாசிட்டர் போட்டால் தீர்ந்தது. மூன்றாவது, அதன் பக்கத்திலேயே இருக்கும் 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர். அதில் ஏறக்குறைய 1 வாட் வெப்பம் இறங்குகிறது. சில கிட்டுகளில் 1 வாட் ரெசிஸ்டரையே கொடுக்கிறார்கள். 5 வாட் வயர்வுண்ட் வாங்கி, போர்டிலிருந்து சற்றுத் தூக்கி வைத்துப் பற்றவையுங்கள். பக்கத்துக் கெபாசிட்டர் காயாமல் இருக்கும்.

கிட்டில் இல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டும். முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட், 500 வோல்ட் தாங்கும் ஒரு ரெசிஸ்டர். ஆம்பை அணைத்த பிறகு தேங்கி நிற்கும் மின்சாரத்தை இது ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிடும். அதற்காக அதை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேஸியில் மாட்டி, மூன்று ஃபில்டர் கெபாசிட்டர்களிலும் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்திருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்குங்கள். உயிரோடு இருக்கும் ஆம்பை அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். மூன்று கம்பி பவர் கார்டின் எர்த் ஒயருக்குத் தனி போல்ட், பல் வாஷர், சேஸியில் பெயின்ட் சுரண்டிய இடம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே எர்த்தையும் மாட்டச் சொல்லும் கிட் கையேடுகள் உண்டு. அதைக் கேட்காதீர்கள். ஃபியூஸ் ஸ்லோ புளோ வகை: 120 வோல்ட் நாடுகளில் 1 ஆம்பியர், 230 வோல்ட் நாடுகளில் 500 மில்லி ஆம்பியர். அது ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டும், நியூட்ரலில் அல்ல.

முதல் முறை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்த போர்டு ஒன்று அவசியம். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. வால்வு எதுவும் இல்லாமல் முதலில் ஆன் செய்தால் பல்பு மினுக்கிவிட்டு மங்க வேண்டும். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட். அது சரியென்றால், அணைத்துவிட்டு மூன்று வால்வுகளையும் செருகி, ஸ்பீக்கரையும் மாட்டிய பிறகே மறுபடி ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில், அதாவது வால்வுப் பக்கச் சுருளில், அழுத்தம் பல மடங்கு எகிறி இன்சுலேஷன் துளைத்துப்போகும்.

முதல் சத்தமே காதைப் பிளக்கும் ஊளையாக இருந்தால் பதற வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக 12ஏஎக்ஸ்7இன் இரண்டாவது கேத்தோடுக்கு, அதாவது 8ஆம் பின்னுக்கு, நெகடிவ் ஃபீட்பேக் திரும்புகிறது, அதாவது வெளியே போகும் சிக்னலில் ஒரு பங்கு பெருக்கத்தைக் குறைக்கும் விதமாகத் திரும்பி வருகிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒயர்கள் இடம் மாறியிருந்தால் அதே ஃபீட்பேக் பாசிடிவ் ஆகிவிடும். பிரைமரியின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் ஊளை நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் நிறங்கள் கையேட்டோடு ஒத்துப்போகாத கிட்டுகள் நிறைய. அதனால் சத்தம் சரியான பிறகே அந்த ஒயர்களைக் கட்டையாக வெட்டுங்கள்.

இனி வருவதுதான் இந்தக் கிட்டின் உயிர்நாடி: 6வி6 எவ்வளவு வெப்பத்தைச் சுமக்கிறது என்று அளப்பது. இதைச் செய்யாமல் எந்த மாடிஃபிகேஷனையும் தொடக் கூடாது. நான்கு இடத்தில் டிசி வோல்ட் அளக்க வேண்டும்: 6வி6இன் 3ஆம் பின் பிளேட் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு), 8ஆம் பின் கேத்தோடு, பிறகு முதல், இரண்டாவது ஃபில்டர் கெபாசிட்டர்களுக்கு நடுவே உள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே, அடுத்து இரண்டாவது, மூன்றாவதுக்கு நடுவே உள்ள 22 கிலோ ஓம் ஃபில்டர் ரெசிஸ்டரின் குறுக்கே.

ஓர் எடுத்துக்காட்டு. கேத்தோடில் 21 வோல்ட் என்றால் 470ஆல் வகுக்க 44.7 மில்லி ஆம்பியர். இதில் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் ஸ்கிரீன் கிரிட்டின் கரண்டும் கலந்திருக்கிறது. அதைப் பிரிக்க, 10 கிலோ ஓமில் 45 வோல்ட் விழுந்தால் அங்கே 4.5 மில்லி ஆம்பியர். 22 கிலோ ஓமில் 46 வோல்ட் விழுந்தால் 2.1 மில்லி ஆம்பியர் 12ஏஎக்ஸ்7க்குப் போகிறது. மீதி 2.4 ஸ்கிரீனுக்கு. ஆக, பிளேட் கரண்ட் 42.3 மில்லி ஆம்பியர். பிளேட்டில் 345 வோல்ட் இருந்தால் கேத்தோடைக் கழிக்க 324. இரண்டையும் பெருக்கினால் 13.7 வாட். பழைய 6வி6ஜிடியின் எல்லை 12 வாட். இப்போது தயாராகும் சில வகைகள் 14 வாட் தாங்கும். அதாவது, எந்த வால்வு செருகியிருக்கிறது என்பதைப் பொறுத்து இதே ஆம்ப் பிழைக்கும் அல்லது மெல்லச் சாகும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பிளேட்டின் தையல் ஓரத்தில் மங்கிய சிவப்புக் கோடு தெரிந்தால் உடனே அணைக்க வேண்டும். இழையின் ஆரஞ்சு வெளிச்சத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நடுவில் இருக்கும், சிவப்புக் கோடு வெளிச்சுவரில் இருக்கும்.

அதிகமாக இருந்தால் 470 ஓமை 560 ஆக்குங்கள். 12.5 வாட்டை ஒட்டி இறங்கும். 680 போட்டால் ஏறக்குறைய 11. சத்தத்தில் இழப்பு மிகச் சிறிது. அதற்கும் முன்னால் ரெக்டிஃபையரைச் சந்தேகிப்பது நல்லது. 5ஒய்3 என்ற பெயரில் புதிதாக விற்கும் சில வால்வுகள் அசல் அளவுக்கு அழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஜிஇசட்34ஐயோ சிலிக்கான் டயோடையோ அந்த இடத்தில் செருகினால் பி பிளஸ் என்னும் உயர் டிசி அழுத்தம் இன்னும் மேலே போகும். இந்த ஆம்புக்கு அது வேண்டவே வேண்டாம். அதேபோல் 10 கிலோ ஓமுக்குப் பதில் சோக் என்னும் கம்பிச் சுருள் போட்டால் ஹம் குறையும்தான், ஆனால் ஸ்கிரீன் அழுத்தம் ஏறி 6வி6 மறுபடி கொதிக்கும். வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டரின் அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்: 6.3 வோல்ட்டுக்குப் பதில் 6.9ஐத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் தவறான பிரைமரி டேப்பில் இணைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாடிஃபிகேஷன்களில் உண்மையாகவே காதுக்குத் தெரிவது ஒன்று: 12ஏஎக்ஸ்7இன் முதல் கேத்தோடில், 3ஆம் பின்னில் இருக்கும் 1.5 கிலோ ஓமுக்கு இணையாக ஒரு கெபாசிட்டர். அசல் சர்க்யூட்டில் அது இல்லை. சேர்த்தால் அந்தக் கட்டத்தின் கெயின், அதாவது பெருக்கம், கிட்டத்தட்ட இரட்டிப்பாகி, வால்யூம் பாதியிலேயே ஓவர்டிரைவ் என்னும் கரகரப்பு வந்துவிடும். எல்லோரும் பரிந்துரைப்பது 25 மைக்ரோஃபாரட். அது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி உயர்த்தும். 8 அங்குல ஸ்பீக்கரில் கீழ்க் கம்பிகள் குழம்பிச் சேறாகிவிடும். 0.68 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உயரும். சிறிய ஸ்பீக்கருக்கு இதுவே சரி. 12 அங்குலப் பெட்டியில் வாசிப்பவர் மட்டும் 25 போடலாம்.

அதே மாற்றத்தை இரண்டாவது கேத்தோடிலும் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். ஃபீட்பேக் வந்து சேரும் இடம் அதுதான். அங்கே கெபாசிட்டர் வைத்தால் ஃபீட்பேக் முழுவதும் தரைக்குப் போய்விடும். ஃபீட்பேக் வேண்டாமென்றால் அந்த 22 கிலோ ஓமை ஒரு சுவிட்ச் வழியாகத் துண்டிப்பதே நேர்மையான வழி. துண்டித்தால் சத்தம் கூடும், முனை மழுங்கிய கரகரப்பு வரும். 47 கிலோ ஓம் போட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள கிட்டாருக்கு இந்த நடு நிலை மிக அழகாகப் பொருந்துகிறது.

கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களைப் பெருமையாகச் சொல்லி விற்கும் கிட்டுகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர்களையும் 1 வாட் மெட்டல் ஃபிலிமாக மாற்றினால் இரைச்சல் குறையும், தொனி அப்படியே இருக்கும். 6வி6இல் சிக்னல் நுழையும் 5ஆம் பின்னில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் (கிரிட் ஸ்டாப்பர்) ஒன்றைச் சாக்கெட்டை ஒட்டியே வைப்பதும் நல்லது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஆசிலேஷன் வராது.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற நினைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. ஒற்றைப் பவர் வால்வு என்பதால் பிரைமரியில் எப்போதும் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் டிசி ஓடுகிறது. அதனால் இரும்புத் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டுச் செய்த சிங்கிள் எண்டட் வகைதான் வேண்டும். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய, இரண்டு பவர் வால்வுக்கான புஷ் புல் டிரான்ஸ்ஃபார்மர் நிறைகாந்தமாகிப் பாஸை விழுங்கிவிடும்.

பழுதுகளில் அதிகம் வருவது ஹம். முதலில் அது எந்த வகை என்று காதால் பிரியுங்கள். கரகரப்பான, உயர்ந்த ரீங்காரம் என்றால் மின்சார அதிர்வெண்ணின் இருமடங்கு, அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கெபாசிட்டர் பக்கம் பாருங்கள். உருண்டையான, தாழ்ந்த ஹம் என்றால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். ஹீட்டர் ஒயரோ கிரவுண்டோ காரணம். பழைய வரைபடம் ஹீட்டரின் ஒரு முனையை நேரே சேஸியில் இணைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு, இரண்டு ஒயர்களையும் இறுக்கி முறுக்கிச் சேஸியின் மூலையோடு ஓட்டி, இரு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வைத்து, அவை சேரும் புள்ளியை 6வி6இன் 8ஆம் பின்னில் இணையுங்கள். அங்கே இருக்கும் 20 வோல்ட் ஹீட்டரைத் தூக்கி நிறுத்துவதால் கேத்தோடுக்குள் கசியும் ஹம் அடங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மரில் ஹீட்டருக்கு நடு டேப் இருந்தால் இந்த ரெசிஸ்டர்கள் வேண்டாம். அந்த டேப்பையே 8ஆம் பின்னுக்குக் கொண்டுபோங்கள்.

வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் வால்யூம் கன்ட்ரோலைக் குறை சொல்வதற்கு முன் அதன்மேல் டிசி இருக்கிறதா என்று அளக்க வேண்டும். இருந்தால் முதல் 0.02 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. 6வி6க்கு முன்னால் இருக்கும் இரண்டாவது கசிந்தால் நிலைமை மோசம். 6வி6இன் 5ஆம் பின்னில் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு வோல்ட் பாசிடிவ் வந்தாலே வால்வு கூடுதலாக இழுக்கும். புது வால்வு செருகியும் அது சிவந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வெடிப்புச் சத்தம் விட்டு விட்டு வந்தால் காய்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு சால்டர் முனையாகத் தட்டிப் பாருங்கள். ஐலெட் போர்டில் ஒரே துளையில் நான்கு கால்கள் சேரும் இடங்கள்தான் முதலில் கைவிடும். அங்கே மேலே ஈயம் பளபளத்தாலும் உள்ளே ஒரு கால் நனையாமல் நிற்கும். பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, புதிதாகப் பற்றவையுங்கள். மேலே இன்னொரு சொட்டு வைத்தால் ஒரு வாரத்தில் அதே சத்தம் திரும்பி வரும்.