மூன்று நாள் பயிற்சியில் அரை நாள் பாடம்

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் உள்ள ஓர் ஓட்டுநர் பயிற்சி மையத்தில் மூன்று நாள் உட்கார்ந்து எழுந்தேன். 22 வருடமாக லாரி ஓட்டுகிறேன். பெரும்பாலும் நாமக்கல்லில் முட்டை ஏற்றிக் கேரளத்தில் இறக்கும் வேலை. இப்போது கேஸ் டேங்கருக்கு மாறுகிறேன். அதற்கு லைசென்ஸில் தனியாகப் பதிவு வேண்டும். பதிவுக்கு இந்தப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9ஆவது விதி இது.

பயிற்சியே வேண்டாம் என்பவன் அல்ல நான். 2012 ஆகஸ்ட் 27ஆம் தேதி இரவு, கண்ணூர் பக்கம் சாலா என்ற ஊரில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்தபோது, முட்டை லோடுடன் கோழிக்கோட்டிலிருந்து அதே சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டில் படுத்திருந்தவர்களைத் தீ பிடித்தது என்று விடிந்த பிறகு தெரிந்தது. சுமார் இருபது பேர் இறந்துபோனார்கள். அப்படிப்பட்ட வண்டியைத் தொடப்போகிறவன் கற்றுக்கொண்டுதான் தொட வேண்டும்.

ஆனால் முதல் இரண்டு நாளும் கற்றுக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. ஐம்பது பேருக்கு ஒரே அறை, இரண்டு மின்விசிறி. சுவரில் ஓடிய படங்களில் எழுத்தெல்லாம் ஆங்கிலம்; பயிற்றுநர் அதைப் பார்த்து வாசித்தார். சிக்னல் விளக்கு, ரயில்வே கேட், ஹெல்மெட். ஆம், லாரி ஓட்டுநர்களுக்கு ஹெல்மெட் பாடம்! சாப்பாடு வரும்போதும் மாலையிலும் கையெழுத்து வாங்குவதில் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தவறவில்லை.

பாடத்திட்டத்தில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தனித்தனியாக வண்டி ஓட்டும் பயிற்சி உண்டு. நான் காத்திருந்தது அதற்காகத்தான். டேங்கில் திரவம் அலைபாயும்போது வளைவில் வண்டி எப்படி இழுக்கும், இறக்கத்தில் எந்த கியரில் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் முட்டை வண்டியில் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே ஒரு பழைய லாரி நின்றது. அதன் பேட்டரியே கழற்றிக் கிடந்தது.

தூக்கம் பற்றிய வகுப்பில் ஒரு பெரியவர் எழுந்து, “விடிவதற்குள் லோடு இறங்க வேண்டும் என்று முதலாளி சொன்னால் என்ன செய்வது, சார்?” என்று கேட்டார். பயிற்றுநர் தலையைக் குனிந்துகொண்டார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. நான் ஓடிய எந்த லைனிலும் அது நடக்கவில்லை. மூன்று நாள் பேட்டாவை இழந்து நாங்கள் வந்து உட்காருகிறோமே, நேரம் குறித்து விரட்டுகிறவர்களை ஒரு நாளாவது உட்காரவைக்க விதி உண்டா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் வந்தார். அந்த அரை நாளுக்காக அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம். சமையல் எரிவாயு காற்றைவிட கனமானது, மேலே போகாமல் பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். அதனால் காற்று வீசி வரும் திசையை நோக்கி, மேட்டுப் பக்கம் விலக வேண்டும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். டேங்கரின் பின்னால் எழுதியிருக்கும் 1075 என்ற எண்ணைத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னாலே உள்ளே இருப்பது என்னவென்று அவர்களுக்குப் புரிந்துவிடும் என்றார். கசிகிற இடத்தில் தீ எரிகிறது, கசிவை அடைக்க முடியவில்லை என்றால் அந்தத் தீயை அணைக்கக் கூடாது. டேங்கின் மேல் தண்ணீர் அடித்துக் குளிரவைக்க வேண்டும், அணைத்துவிட்டால் எரியாத வாயு பரவி வேறெங்கோ பற்றி வெடிக்கும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தீயைக் கண்டால் முதலில் அணைக்க ஓடியிருப்பேன். ஐம்பது பேரில் ஒருவர்கூட அன்று மதியம் செல்போனை எடுக்கவில்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது, குடிநீரும் கழிப்பறையும் சுத்தம். கட்டணத்துக்கு ரசீது கொடுத்தார்கள். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். இரண்டும் அந்த வீரருக்கு.

இங்கே சேரப்போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே, ஓட்டிப் பழக வண்டி உண்டா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாலை தந்த தாளில், வண்டி ஓட்டும் பயிற்சிக்கு நேராக ‘நிறைவு’ என்று முன்பே எழுதியிருந்தது. லைசென்ஸ் பதிவுக்கு வேறு வழி இல்லாததால் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் மங்களூரில் முதல் லோடு. ஷிராடி மலைப்பாதையில் வண்டியைப் பிடிக்க, டேங்கர் ஓட்டும் என் மைத்துனரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் போகிறேன்.