ஓசி ஹாலா, வாடகை தார்சாவா: தெரு நூலகத்துக்கு எது சரிப்படும்?

பாளையங்கோட்டைல மாவட்ட மைய நூலகம் இருக்கு, பெருசாவும் இருக்கு. ஆனா ஸ்கூல் விட்டு வார சின்னப்பிள்ளைகளும் முட்டுவலிக்காரப் பெரியாளுங்களும் திருநெல்வேலி டவுன்லருந்து பஸ் ஏறி அங்க போவாங்களா? தெருவுக்குள்ளயே ஒண்ணு வேணும்னு நாங்க கொஞ்சப்பேரு சேந்து ஆரம்பிச்சோம். எடம் தேடும்போது ரெண்டு வழி வந்துச்சு. ஒண்ணு, சமுதாயக் கூடத்துல ஒரு ஓரம், வாடகை கிடையாது. இன்னொண்ணு, ரதவீதிக்குப் பின்னால ஒரு பழைய வீட்டோட தார்சா, அதாவது திண்ணையத் தாண்டினதும் வார முன்கூடம், அது மட்டும் வாடகைக்கு. நாங்க எடுத்தது தார்சா, இன்னைக்கு யாரு கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

காசுன்னு பாத்தா ஹாலுக்குத்தான் ஜெயம், அதுல பேச்சே இல்ல. ஃபேன், லைட்டு, பாத்ரூம் எல்லாம் இருக்கு. வாடகை எடம்னா அட்வான்ஸ், மாச வாடகை, கரண்ட் பில்.

ஆனா ஒரு விஷயத்துலதான் எல்லாம் மாறுது: சாயங்காலம் புத்தகத்தப் பூட்டி வைக்கணுமா வேண்டாமா? பொதுக்கூடம்னா இன்னைக்கு வளைகாப்பு, நாளைக்கு சங்கக் கூட்டம், தேர்தல் வந்தா பூத்து, அதனால புத்தகத்த வெளிய விட முடியாது, பூட்டு போட்ட இரும்பு பீரோவுக்குள்ளதான் போகணும், சாவி வாட்ச்மேன்ட்ட. பூட்டின பீரோ முன்னால நிக்க பிள்ள "அண்ணாச்சி, அதத் தொறந்து காட்டுங்க"ன்னு எத்தன தடவ கேக்கும்? தயங்கி நின்னுட்டுப் போயிரும். சென்னைப் பல்கலைக்கழக நூலகரா இருந்த ரங்கநாதன் 1931ல நூலகத்துக்குன்னு எழுதின அஞ்சு விதில மொத விதியே புத்தகம் பயன்படுத்தத்தான்ங்கது. கையால எடுத்துப் பொரட்டிப் பாக்க முடியலன்னா அங்க எத்தனாயிரம் புத்தகம் இருந்தும் என்ன? நம்ம கைல சாவி இருந்தா ரேக்கு தொறந்தே கெடக்கலாம், பிள்ளைங்க பாதி படிச்ச புத்தகத்த அதே எடத்துல மறுநாள் வந்து எடுக்கலாம், நேரமும் நாமளே வைக்கலாம். சின்ன எடத்துக்கு இதவிட பெரிய வசதி ஒண்ணு எனக்குத் தெரியல.

தார்சா சின்னதுதான், அதனால நடுவுல ஒண்ணுமே போடல. ரேக்கெல்லாம் சுவரோரமா, அஞ்சடிக்கு மேல போகாம, போல்ட் முடுக்குத ஆங்கிள் ரேக்கு, காலி பண்ணச் சொன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிரலாம். பழைய சுண்ணாம்புச் சுவர்ல ஓதமும் கரையானும் வரும், சுவர ஒட்டிப் போடாம ரெண்டு விரக்கட விட்ருக்கோம். சின்னப்பிள்ளைங்க புத்தகம் மட்டும் அட்ட தெரியுத மாதிரி. பேப்பர் படிக்கவங்களுக்கு வெளித்திண்ணை, அது வாடகைல சேராத ரீடிங் ரூம்! அடித்தட்டு தரையிலருந்து ஒன்றரை அடி ஒசரம், ஏன்னா 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை பக்கமெல்லாம் தண்ணி நின்னத மறக்க முடியாது.

அப்ப மாடில எடுக்கலாமேன்னு சிலபேரு கேக்காங்க. மாடில நான் நடத்தினதில்ல, ஆனா எடையப் பாருங்க: இந்தியத் தர விதிப்படி வீட்டுத் தளத்துக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தாங்குத மாதிரி கணக்கு, புத்தக அடுக்கு அறைக்கு 600 கிலோ. அடர்த்தியா ரேக்கு அடுக்கப் போறீங்கன்னா மொதல்ல ஒரு இன்ஜினியர்ட்ட காட்டிருங்க. பெரியாளுங்க படி ஏறணும்ங்கதும் இருக்கு.

ஹால்லயே தனிக்கதவு, தனிப்பூட்டோட ஒரு ரூம் ஒதுக்கித் தந்தா நானே அதத்தான் எடுக்கச் சொல்லுவேன். ஸ்கூல் கட்டடத்தப் பகிர்ந்துக்கிடதும் சிலருக்கு ஒத்துவரலாம், எனக்கு அதுல அனுபவம் கம்மி.

வாடகைக்குப் போனா அக்ரிமெண்ட எழுத்துல போட்ருங்க, கரண்டுக்குத் தனி சப்-மீட்டர் கேட்ருங்க. இன்னொண்ணு, 1948 பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோட நாம கட்டுத நூலக வரி அரசு நூலகங்களுக்குத்தான், நம்ம மாதிரி தெரு நூலகத்துக்கு வராது. அதனால தெருக்காரங்க, கடக்காரங்க மாசாமாசம் தாரேன்னு சொன்னத நோட்டுல எழுதிக் கூட்டிப் பாருங்க, ஒரு வருச வாடகை தேறுச்சுன்னா மட்டும் அட்வான்ஸ் குடுங்க.