எந்த வருடத்து வானிலையை நம்பித் திட்டமிடுவது? மின்சாரக் கணக்கில் நான்கு வழிகள்

பத்து வருடம் கழித்து ஒரு மாநிலத்துக்கு எத்தனை மெகாவாட் வேண்டும் என்று கணக்குப் போடும் எந்தக் கணினி மாதிரிக்கும் (மாடலுக்கும்) ஏதோ ஒரு வானிலையைக் கொடுத்தாக வேண்டும். வெயில் ஏறினால் ஏசி ஓடும், காற்று விழுந்தால் காற்றாலை நிற்கும், மழை பொய்த்தால் அணை வறளும். எந்த வருடத்து வெயிலை, எந்த வருடத்துக் காற்றைக் கொடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. இப்போது புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக நான்கு வழிகள். ஒரு சராசரி வருடத்தை வைத்து ஓட்டுவது. கடந்த 30, 40 வருட வானிலையை மணிக்கு மணி அப்படியே ஓட்டிப் பார்ப்பது. காலநிலை மாதிரிகள் சொல்லும் எதிர்கால வருடங்களைக் கொடுப்பது. மோசமான ஒரு சம்பவத்தை நாமே கதைபோல எழுதி, அமைப்பு அதைத் தாங்குகிறதா என்று பார்ப்பது.

நான்கையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கிறேன்: 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் குளிரில் வந்த பெரிய மின்வெட்டு இந்த வழியின் கண்ணில் முன்கூட்டியே பட்டிருக்குமா?

அந்த மாநிலத்தின் மின் கட்டமைப்பை நடத்தும் எர்காட், குளிர்காலத்துக்கு முன்பே ஒரு மதிப்பீடு வெளியிட்டிருந்தது. 2011 குளிரை வைத்துப் போட்ட மிக மோசமான உச்சத் தேவை 67,208 மெகாவாட். மின்வெட்டு செய்யாமல் இருந்திருந்தால் தேவை சுமார் 76,800 மெகாவாட்டைத் தொட்டிருக்கும் என்று எர்காட்டே பிறகு கணக்குச் சொன்னது. இந்தத் தவறு பெரியதுதான், ஆனால் இதைவிடப் பெரியது இன்னொன்று. அனல் நிலையங்களில் (எரிவாயு, நிலக்கரி போன்றவற்றில் ஓடுபவை) மிக மோசமான நிலையிலும் ஏறக்குறைய 14,000 மெகாவாட்தான் நிற்கும் என்று வைத்திருந்தார்கள். நின்றது அதைப்போல இரண்டு மடங்கு. காற்றாலையும் உறைந்தது. பிப்ரவரி 15 அதிகாலை மின்சாரத்தின் அதிர்வெண், வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது, 59.3 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. இன்னும் சில நிமிடங்கள் அப்படியே நீடித்திருந்தால் மொத்தக் கட்டமைப்பும் விழுந்திருக்கும். விழாமல் காப்பாற்ற 20,000 மெகாவாட் வரை வெட்டினார்கள். அரசுக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சராசரி வருடம் என்பது பல வருடங்களிலிருந்து 'வழக்கமான' மாதங்களைப் பொறுக்கிச் சேர்த்த வருடம். ஒரு சோலார் பூங்கா வருடத்துக்கு எத்தனை யூனிட் தரும் என்று வங்கிக்குக் காட்ட அது போதும். ஒரு மாநிலம் இருட்டில் மூழ்குமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. மோசமான நாட்களை நீக்கித்தானே அதைச் செய்திருக்கிறோம்? இன்னும் இதை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நிறுத்த வேண்டும்.

இரண்டாவது வழிதான் இன்றைக்கு உலகம் முழுக்க முக்கிய வேலைக்குதிரை. ஐரோப்பிய ஆணையத்தின் ஆதரவில் உருவான ஈ.ஆர்.ஏ.5 தரவு 1940 முதல் இன்று வரை, உலகம் முழுக்க, மணிக்கு மணி காற்று, வெப்பம், கதிர்வீச்சு எல்லாம் தருகிறது, அதுவும் இலவசமாக. ஐரோப்பிய மின் கட்டமைப்பு நிறுவனங்கள் 2021 மதிப்பீட்டில் 1982 முதல் 2016 வரையிலான 35 வருடங்களை ஓட்டிப் பார்த்தன. இதன் பெரிய பலம், வானிலையின் ஒட்டுறவு உடையாமல் இருப்பது. ஒரே மணி நேரத்தில் எங்கே வெயில், எங்கே காற்று, எங்கே மேகம் என்பது உண்மையில் நடந்தபடியே இருக்கும்.

சரி, இது டெக்சாஸைப் பார்த்திருக்குமா? குளிரைப் பார்த்திருக்கும். ஹூஸ்டன் விமான நிலையத்தில் 2021 பிப்ரவரியில் பதிவானது சுமார் மைனஸ் 10.5 டிகிரி; 1989 டிசம்பரில் அதே ஊரில் கிட்டத்தட்ட மைனஸ் 14. ஆக, 40 வருடத் தரவு வைத்திருந்த எவருடைய கணினியிலும் இதைவிடக் கடுமையான குளிர் ஏற்கெனவே இருந்தது.

அப்படியும் அபாயம் தெரிந்திருக்காது. காரணம் வானிலைத் தரவில் இல்லை, மின் நிலையங்களைப் பற்றிய அனுமானத்தில் இருக்கிறது. வழக்கமான மாதிரி ஒவ்வொரு அனல் நிலையமும் அதன் பாட்டுக்குத் தனியாகப் பழுதாகும் என்று வைத்துக்கொள்கிறது. ஒரு சின்னக் கணக்கு: 100 நிலையங்கள், ஒவ்வொன்றும் எந்த நேரத்திலும் நின்றிருக்கும் வாய்ப்பு 5 சதவீதம். சராசரியாக 5 நிலையங்கள் நிற்கும். 10 நின்றாலே அரிது. 40 நிலையங்கள் ஒரே நேரத்தில் நிற்பதற்கான வாய்ப்பு, பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் வராது என்று சொல்லும் அளவுக்குச் சின்னது. குளிர் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரே குளிர் எல்லா நிலையத்தின் கருவிக் குழாய்களையும் உறைய வைக்கிறது, எரிவாயுக் கிணறுகளையும் உறைய வைக்கிறது. டெக்சாஸில் இன்னும் ஒரு படி போனது: மின்வெட்டு செய்தபோது எரிவாயு அமைப்புக்குப் போன மின்சாரமும் சில இடங்களில் சேர்ந்து வெட்டப்பட்டது. அவை முக்கிய இணைப்புகள் என்று பதிவாகவே இல்லை. எரிவாயு குறைந்தது, நிலையம் நின்றது, வெட்டு கூடியது.

இதைச் சரிசெய்ய முடியும். அமெரிக்காவின் கிழக்கே மின் கட்டமைப்பை நடத்தும் பிஜேஎம் நிறுவனம் 2022 டிசம்பர் எலியட் புயலில் சுமார் 47,000 மெகாவாட்டை இழந்தது. அதன் பிறகு, நிலையங்கள் எந்த வானிலையில் சேர்ந்து நின்றன என்ற பழைய பதிவையே மாதிரிக்குள் கொண்டுவந்தார்கள். விளைவு, 2025/26-க்கான மின் திறனை வாங்கும் ஏலத்துக்கு ஒரு எரிவாயு டர்பைனின் நம்பத்தகுந்த திறன் 62 சதவீதம்தான் என்று மதிப்பிட்டார்கள். பெயர்ப் பலகையில் 100 மெகாவாட், கணக்கில் 62. வானிலைத் தரவை மாற்றியதைவிட, வானிலைக்கும் பழுதுக்கும் இடையே ஒரு கோடு போட்டதே இங்கே பெரிய மாற்றம் என்பேன்.

இந்த இடத்தில் நம் ஊர் அளவுகோலையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் திட்டமிடும்போது வைக்கும் இலக்கு, தேவையைச் சந்திக்க முடியாமல் போகும் வாய்ப்பு 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. வருடத்துக்கு 8,760 மணி நேரம் என்றால் இது சுமார் 17.5 மணி நேரம். வருடத்தில் 17 மாலைகளில் ஒவ்வொரு மணி நேரம் பவர் கட் ஆனாலும் இந்த எண் வரும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தொடர்ந்து மூன்றரை நாள் இருண்டாலும் இதே எண்தான் வரும். முதலாவது எரிச்சல், இரண்டாவதில் ஆட்கள் சாவார்கள். எந்த வழியில் வானிலையைக் கொடுத்தாலும், முடிவை ஒரே சராசரி எண்ணாகச் சுருக்கினால் டெக்சாஸ் மறைந்துவிடும். மிக நீண்ட வெட்டு எத்தனை மணி நேரம் என்பதைத் தனியாக எழுதி வையுங்கள்.

மூன்றாவது வழி, எதிர்காலக் காலநிலை. இதன் நியாயம் எளிது: 1985 மே மாத வெயில் 2035 மே மாதத்துக்குப் பொருந்தாது. வெப்பநிலைக்கு இதை முழுதாக ஏற்கிறேன். காற்றுக்கு எனக்குத் தயக்கம் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைப் பாருங்கள். அகலம் 30, 40 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கிப் புகுவதால்தான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. உலகக் காலநிலை மாதிரிகளில் பலவும் பூமியை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன. அந்தக் கட்டத்துக்குள் கணவாயே இல்லை, மலை மட்டும் மழுங்கலாக இருக்கிறது. சுமார் 31 கிலோமீட்டர் கட்டமுள்ள ஈ.ஆர்.ஏ.5-லேயே கணவாய் ஒரு கட்டத்துக்கு அடங்குகிறது. உள்ளூர்க் காற்றளவுக் கம்பங்களின் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. டெக்சாஸ் கேள்விக்கு வந்தால், இந்த வழி நேர்மாறாகவும் ஏமாற்றலாம்: குளிர்காலம் மிதமாகிறது என்ற சராசரிப் போக்கைப் பார்த்துவிட்டுக் குழாய்க்கு உறை போடும் செலவை ஒத்திப்போட அது சாக்காகிவிடும்.

நான்காவது, கதை எழுதிச் சோதிப்பது. நிகழ்தகவு சொல்லாது என்பது இதன் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. உண்மைதான், அதனால் எத்தனை கோடி செலவு செய்யலாம் என்று இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால் எரிவாயுக் கிணற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை நான்கில் இது ஒன்றுதான் கேட்க வைக்கும். குளிர் நிபுணர், எரிவாயு நிறுவனம், மின் கட்டமைப்பு ஆட்கள் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, முதல் நாள் காலை என்ன நடக்கும், அப்புறம் என்ன என்று எழுதச் சொன்னால் அந்தச் சங்கிலி வெளியே வந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்கு எழுத வேண்டிய கதை புயல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். புயல் அடிப்பது பெரும்பாலும் கம்பிகளை. 2018 நவம்பரில் கஜா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது, உற்பத்தி அங்கே பிரச்சினையே இல்லை. அது கம்பங்களையும் கேபிள்களையும் பற்றிய தனிக் கணக்கு. உற்பத்திக்கு எழுத வேண்டிய கதைக்கு மாதிரி 2023 ஆகஸ்டில் கிடைத்தது. 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்டு அது, மழை 36 சதவீதம் குறைவு. அணையில் நீர் குறைவு, விவசாய மோட்டார்களின் தேவை அதிகம், வெக்கை, எல்லாம் ஒரே நேரத்தில், பல மாநிலங்களில். மின் சந்தையில் மாலை நேர விலை உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாயைத் தொட்டது. பக்கத்து மாநிலத்திடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது பல திட்டங்களின் அடியில் இருக்கும் அனுமானம். பக்கத்து மாநிலத்துக்கும் அதே நாளில் பற்றாக்குறை என்றால் என்ன செய்வது? 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் போனது. அதே வெயில், காற்று சீசன் மூன்று வாரம் தள்ளிப்போகிறது, அண்டை மாநிலங்களிலும் மின்சாரம் இல்லை, சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இதுதான் நான் எழுதும் முதல் கதை.

ஆக, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் இரண்டாவது வழியை எடுப்பேன், வெப்பத்தை மட்டும் வரப்போகும் அளவுக்கு உயர்த்திக்கொண்டு. இரண்டு எடுக்கலாம் என்றால் நான்காவதைச் சேர்ப்பேன். மூன்றாவதற்குப் போவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்த உற்பத்தி இயந்திரம் எந்த மணிக்கு எதனால் நின்றது என்ற பதிவு மின் நிலையங்களிலும், மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டரிலும் இருக்கிறது. அந்த மணியின் வெப்பமும் மழையும் வானிலைத் துறையிடம் இருக்கின்றன. இரண்டையும் மணிக்கு மணி ஒட்டி ஒரே அட்டவணையாக்க வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை, பொறுமையுள்ள இரண்டு பேர் சில மாதங்களில் முடித்துவிடுவார்கள்.